அரை லிட்டர்

லிம் ரொட்டிக்கடையில் மார்ஜரின் வந்த வாளிகள்.
ஒன்று இரண்டு வெள்ளி. இரண்டு வாங்கினேன்.
சவர்க்காரம் போட்டு மூன்று தரம் தேய்த்தும்
வாடை போகவில்லை.
செடிக்கு மூக்கா இருக்கு, என்றாள் தவமலர்.

மேல் வாளியின் அடியில் நடுவே ஒரு வட்டம் வெட்டி
சுற்றிலும் காய்ச்சிய ஆணியால் துளைகள்.
வட்டத்துக்குள் ஒரு தயிர் டப்பா;
கீழ் வாளித் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும்.
அதில் அழுத்திய தேங்காய்நார்த் தூள்
ஈரத்தை மேலே கொண்டுபோகும்,
கோப்பியில் முனை தொட்ட பிஸ்கட்
விரல்வரை ஊறி வருமே, அப்படி.

ஓரத்தில் ஊற்றுவதற்கு ஒரு குழாய்.
குழாய்க்குள் கார்க்கில் செருகிய சத்தே குச்சி:
எழும்பினால் நிறைவு,
தாழ்ந்தால் தாகம்.

கடைசியாக, கீழ் வாளியின் விலாவில்
சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை.
மிஞ்சியது வெளியேற.
இதை மறந்தால் வேர் அழுகும்.
இதைத் துளைக்கும்போது மட்டும்
கை கொஞ்ச நேரம் நின்றது.

எனக்கு அந்தத் துளை அடைபட்டு
மூன்று வருஷம்.

திங்கள், புதன், வெள்ளி
காலை ஐந்தேகாலுக்கு வேன்.
பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு ஆறு பேர்,
ஆளுக்கொரு போர்வை.
ஏறுமுன் எடை. இறங்கியபின் எடை.
மிஸ்ஸி நோராய்னி திட்டமாட்டாள்.
"மூணு கிலோ, பாக்சிக்" என்பாள்.
அதுதான் திட்டு.

நாளுக்கு அரை லிட்டர்.
ரசமும் கணக்கில், மாத்திரை விழுங்கும்
மடக்கும் கணக்கில்.
மத்தியானத்துக்கு ஒரு ஐஸ் கட்டி:
அது கரையும்வரை
உண்டியல் மாதிரி வாயை மூடியிருப்பேன்.

தக்காளிக்கு இந்த ஊர் ஆகாது என்றான்
உரக்கடை செல்வநாதன்.
அது கேமரன் மலைப் பிள்ளை,
இங்கே ராத்திரியும் வேகும்,
பூக்கும், கொட்டும்.

பூத்தது. கொட்டியது.
இருபத்தேழு பூ. எண்ணினேன்,
இப்போதெல்லாம் எண்ணுவதுதான் வேலை.
அப்புறம் விடிகாலையில்
மின்சார ஷேவரின் முதுகைக் காம்பில் வைத்து
அதிர வைத்தேன்.
வண்டு என்று நம்பட்டும்.
ஜன்னலில் தவமலர்:
மீசை முளைக்காத பூவுக்குச் சவரமா?

மார்ச்சில் இரண்டு நாள் தண்ணீர் வெட்டு.
தாமான் முழுக்க வாளி தூக்கி
லாரிக்குப் பின்னால் ஓடியது.
வெளியே செம்பனைக் குலை ஏற்றிய வண்டிகள்
புழுதியைக் கிளப்பிப் போயின.
என் செடி ஓர் இலையையும் தொங்கவிடவில்லை.
யாரையும் கேட்காமல்
வேண்டியபோது வேண்டியதைக் குடித்தது.
குச்சி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

வெயில் நாளில் இரண்டு லிட்டர்.
இரண்டு லிட்டர்!
பொறாமையா என்றால், ஆமாம்.
குழாயில் இறங்கும் களகளச் சத்தத்துக்கு
என் தொண்டை தானாக அசையும்.
சில நாள் வேண்டுமென்றே
மெதுவாக ஊற்றுவேன்.

பதினோரு பழம்.
தக்காளியும் எனக்கு ஆகாது.
பொட்டாசியம். பட்டியலில்
வாழைப்பழத்துக்கு அடுத்த வரி.
தெரிஞ்சுதான் நட்டீங்களா,
வேனில் ரத்தினசாமி கேட்டார்.
அவருக்கும் அதே பட்டியல்தான்.
தெரிஞ்சுதான், என்றேன்.
வேறு என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள்
ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

லிம்முக்கு இரண்டு, மிஸ்ஸிக்கு மூன்று.
ஒன்றைக் காகம் கொத்தியது.
ஒன்றைத் தவமலர் நறுக்கி, உப்புத் தூவி,
கையில் தட்டுடன் நின்றாள்.
உள்ளே போய்ச் சாப்பிடவா?
இங்கேயே சாப்பிடு.

சாறு மணிக்கட்டில் ஓடி
வளையலில் நின்றது.
எப்படி இருக்கு, கேட்டேன்.
புளிப்புதான். மென்றாள்.
தண்ணி ஜாஸ்தி.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.
நான் முதலில் சிரித்தேன், பிறகு அவள்.
பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்வரை சிரித்தோம்.

பிறகு எழுந்து
வாளிக்கு ஊற்றினேன்,
அந்தச் சின்னத் துளை
சொட்டத் தொடங்கும்வரை.